‘லு மாந்தேர்’: புறுமியேர் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாரிஸ் புறநகரில் வீட்டில் வைத்துப் பிரெஞ்சுப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பதினேழாம் நூற்றாண்டு நாடகாசிரியர் கொர்னெய் எழுதிய ‘லு மாந்தேர்’, அதாவது ‘பொய்யன்’, ‘பக்’ எனப்படும் பள்ளி இறுதிச் சோதனையின் நூற்பட்டியலில் சேர்ந்த நாளிலிருந்து ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. தொலைபேசியில் பாதி, தேத்தண்ணி ஊற்றும்போது பாதி. எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைத்தால் எனக்கும் தொண்டை மிச்சம். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

ரீச்சர், பிள்ளை ‘பக் பிரெஞ்சு’ எண்டு பயப்பிடுறா. பக் அடுத்த வருசம்தானே?

பெரும்பாலான பாடங்கள் பள்ளியின் கடைசி வகுப்பான தெர்மினாலில்தான் முடியும். பிரெஞ்சு இலக்கியம் அப்படியில்லை. ஒரு வருடம் முந்தி, புறுமியேர் முடிவிலேயே வந்துவிடும். எழுத்துச் சோதனை 4 மணித்தியாலம். வாய்மொழி 20 நிமிடம், அதற்கு முன் ஆயத்தத்துக்கு 30 நிமிடம். புள்ளியைப் பெருக்கும் குணகம் எழுத்துக்கு 5, வாய்மொழிக்கும் 5. பிள்ளை பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

கவிதை, சிந்தனை இலக்கியம், நாடகம், நாவல் என்று நாலு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் கல்வி அமைச்சு மூன்று நூல்களைக் கொடுக்கும், அதில் ஒன்றை வகுப்பாசிரியர் தேர்ந்தெடுப்பார். நாடகத்தில் இப்போது இருப்பவர்கள் கொர்னெய், முஸ்ஸே, சரோத். ஆகவே பக்கத்து வீட்டுப் பெடியன் வேறு நாடகம் படிக்கிறான் என்று பதற வேண்டாம்.

அப்ப இந்த நாடகத்தை மட்டும் நல்லாப் படிச்சால் எழுத்துச் சோதனை சரிதானே?

இல்லை. பொது வழியில் படிக்கும் பிள்ளைக்கு எழுத்தில் இரண்டு தெரிவு: ஒரு பந்தியை விளக்கி எழுதும் கொமோந்தேர் அல்லது வாதக் கட்டுரையான திஸெர்த்தாசியோன். கொமோந்தேருக்கு வரும் பந்தி முன்பின் பார்க்காத ஒன்று. திஸெர்த்தாசியோன் படித்த நூலைப் பற்றியது, ஆனால் எந்தப் பிரிவிலிருந்து வரும் என்று முன்கூட்டித் தெரியாது. நாடகம் வரும் என்று பந்தயம் கட்டிப் போய், நாவல் வந்ததைப் பார்த்து அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். தொழில்நுட்ப வழிப் பிள்ளைகளுக்குத் திஸெர்த்தாசியோனே இல்லை. அவர்களுக்கு இந்த நாடகம் முக்கியமாக வாய்மொழியில்தான் உதவும்.

கொர்னெய் எண்டால் வாள், மானம், சாவு எண்டு எழுதுறவர்தானே? அவர் எப்படிப் பகிடி நாடகம் எழுதினவர்?

பாடப்புத்தகங்கள் அவரை அப்படித்தான் நிறுத்திவைத்திருக்கின்றன. 1637இல் ‘லு சித்’ அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது, பிறகு துன்பியல் நாடகங்கள் வரிசையாக வந்தன. ஆனால் ரூவான் நகரத்து இந்த வழக்கறிஞர் மேடையில் தொடங்கியதே 1629இல் ‘மெலித்’ என்ற இன்பியல் நாடகத்தோடு. ‘லு மாந்தேர்’ 1643–44 குளிர்காலத்தில் வந்தது. அதே குளிர்காலத்தில் ரோமத் தளபதி பொம்பேயின் சாவைப் பற்றிய துன்பியல் நாடகத்தையும் எழுதினார். இவ்வளவு கனமான நாடகங்களுக்குப் பிறகு கொஞ்சம் கலகலப்பாக ஏதாவது தாருங்கள் என்று பலர் கேட்டதால் இதை எழுதினேன் என்று அவரே சொல்கிறார்.

கதை அவருடைய சொந்தக் கற்பனை அல்ல. ஸ்பானிய நாடகம் ஒன்றைப் பிரெஞ்சு உடுப்பில் கொண்டுவந்தார். மூலத்தை எழுதியவர் மெக்சிக்கோவில் பிறந்த ஹுவான் ருயிஸ் தெ அலர்கோன். அது இன்னொரு நாடகாசிரியரான லோப்பே தெ வேகாவின் பெயரில் அச்சாகியிருந்ததால் கொர்னெய் முதலில் லோப்பேயினுடையது என்றே நம்பினார், பிறகு திருத்திக்கொண்டார். ஆள்மாறாட்டத்தைப் பற்றிய நாடகம் ஆள்மாறிய பெயரோடு வந்து சேர்ந்திருக்கிறது. வாய்மொழியில் சொல்லிப் பாருங்கள், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அன்ரி, கதையை ஒருக்கா நேராச் சொல்லுங்கோ. ஐந்து அங்கமும் வாசிச்சும் விளங்கேல்ல.

தொராந்த் புவாத்தியே நகரில் சட்டம் படித்த பெடியன். அங்கியைக் கழற்றிப்போட்டு வாளைக் கட்டிக்கொண்டு பாரிஸ் வந்து இறங்குகிறான். துய்லரித் தோட்டத்தில் க்ளாரீஸ் கால் இடறுகிறாள், இவன் கைகொடுக்கிறான். ஜெர்மன் போர்களில் சண்டைபிடித்தவன் என்றும், ஒரு வருடமாக அவளையே நினைத்திருப்பவன் என்றும் அளக்கிறான். வேலைக்காரன் க்ளித்தோன் வாயைப் பிளந்தபடி நிற்கிறான். அடுத்து அல்சிப் என்ற நண்பன் வருகிறான். நேற்றிரவு ஆற்றில் யாரோ ஒரு பெண்ணுக்கு விருந்து நடந்ததாம் என்ற பேச்சு எழ, அதைக் கொடுத்தது நான்தான் என்கிறான் தொராந்த். அல்சிப் க்ளாரீஸை விரும்புகிறவன். பொறாமை பற்றிக்கொள்கிறது.

இரண்டாம் அங்கத்தில் தகப்பன் ழெரோந்த் க்ளாரீஸை மகனுக்குப் பேசி முடிக்கப் பார்க்கிறார். தொராந்த் மறுக்கிறான். தனக்குப் புவாத்தியேயில் ஏற்கெனவே கலியாணம் முடிந்துவிட்டது என்று ஒரு பெரிய கதை கட்டுகிறான். மூன்றாம் அங்கம் இரவு, யன்னலடிக் காட்சி. நாலாம் அங்கம் மறுநாட் காலை. அல்சிப்பை வாட்சண்டையில் வீழ்த்தியதாக இவன் க்ளித்தோனிடம் சொல்லி முடிக்க, அல்சிப் உயிரோடு நடந்து வருகிறான். ஐந்தாம் அங்கத்தில் தகப்பனுக்கு எல்லாம் தெரியவருகிறது. முடிவில் தொராந்துக்குக் க்ளாரீஸின் தோழி லுக்ரேஸ், அல்சிப்புக்குக் க்ளாரீஸ்.

க்ளாரீஸ் ஆர், லுக்ரேஸ் ஆர் எண்டு எனக்கு ஒவ்வொரு முறையும் மாறுது. இது முக்கியமா?

நாடகத்தின் முடிச்சே இதுதான். இது பிடிபடாமல் எழுதிய கட்டுரை எவ்வளவு அழகான பிரெஞ்சில் இருந்தாலும் நிற்காது. நான் வீட்டில் செய்வது இது. இரண்டு தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்து, ஒன்றில் ‘க்ளாரீஸ், பேசினவள்’ என்றும் மற்றதில் ‘லுக்ரேஸ், பேசாதவள்’ என்றும் கடதாசி ஒட்டுவேன். துய்லரியில் இரண்டு பேரும் நிற்கிறார்கள். தொராந்த் கதைத்தது முதற் கோப்பையோடு. அவர்கள் போனபின் க்ளித்தோன் வண்டிக்காரனிடம் விசாரித்து வருகிறான். “இரண்டு பேரிலும் வடிவானவள்தான் என் எசமானி, பெயர் லுக்ரேஸ், இருப்பது பிளாஸ் ருவாயலில்” என்பது அவன் சொன்ன பதில். தொராந்தின் கண்ணுக்கு வடிவானவள் தன்னோடு கதைத்தவள். ஆகவே முதற் கோப்பைக்கு ‘லுக்ரேஸ்’ என்று பெயர் வைத்துவிடுகிறான். க்ளித்தோனுக்குப் பிடித்தது பேசாமல் நின்றவள்தான். வாயை மூடத் தெரிந்த பெண் அபூர்வம் என்று அவன் பகிடி விடுகிறான். அவன் ரசனையைக் கேட்டிருந்தால் பெயர் சரியாகப் பொருந்தியிருக்கும்.

இப்போது இரண்டாம் அங்கத்தைத் திரும்பப் பாருங்கள். தகப்பன் கொண்டுவருவது முதற் கோப்பையை, அவன் ஆசைப்பட்ட அதே பெண்ணை. ‘க்ளாரீஸ்’ என்ற பெயரைக் கேட்டதும் வேறு யாரோ என்று நினைத்து அவளிடமிருந்து தப்பப் பொய்க் கலியாணத்தைக் கட்டுகிறான். இத்தனைக்கும் வண்டிக்காரன் பொய் சொல்லவில்லை, தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னான். ஊரெல்லாம் புளுகித் திரிந்தவன் இடறி விழுந்தது ஒரு உண்மையில். நாடகத்தைப் பற்றி ஒரேயொரு கருத்தைத்தான் சோதனைக்குக் கொண்டுபோகலாம் என்றால், நான் இதைத்தான் கொண்டுபோகச் சொல்வேன்.

யன்னல் காட்சியில ஆர் ஆரோட கதைக்கினம்?

கோப்பைகளை எடுத்துவைக்காமல் இந்தக் காட்சியைத் தொடாதீர்கள். தகப்பன் பேசிய மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று பார்க்கக் க்ளாரீஸுக்கு ஆசை. அல்சிப்புக்குத் தெரியாமல் பார்க்க வேண்டும். அவளுடைய வேலைக்காரி இசபெல் ஒரு வழி சொல்கிறாள்: லுக்ரேஸின் பெயரில் கடிதம் அனுப்பி அவளுடைய யன்னலுக்கு வரச்சொல்வது. க்ளாரீஸும் லுக்ரேஸும் யன்னலில் நிற்க, கதைப்பது க்ளாரீஸ், பெயர் மட்டும் லுக்ரேஸ். கீழே நிற்கும் தொராந்துக்கு அந்தக் குரலின் சொந்தக்காரி லுக்ரேஸ்தான் என்பதில் சந்தேகமே இல்லை. ஆகவே க்ளாரீஸிடமே, க்ளாரீஸை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்கிறான்.

இதில் இன்னொரு ஊசி இருக்கிறது. உனக்காகத்தான் அந்தக் கலியாணக் கதையைக் கட்டினேன் என்று இங்கே உண்மையைச் சொல்கிறான், எடுபடவில்லை. அவன் புலம்பியதும் க்ளித்தோன் சொல்லும் பதில்: பொய்யன் வாய்வழியாக வந்தால் உண்மையும் மதிப்பிழந்துவிடும். மூன்றாம் அங்கத்தின் கடைசிக் காட்சி. இந்த இடத்தை அடிக்கோடிட்டு வையுங்கள்.

ஏன் இவன் பொய் சொல்லுறான்? பாதிப் பொய்யில லாபமே இல்லையே.

நல்ல கேள்வி. பிள்ளைகள் இதைக் கேட்க ஆரம்பித்தால் நாடகம் அவர்களுக்குள் இறங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். போர்ப் பொய்க்குக் காரணம் உண்டு. முதல் அங்கத்தின் முடிவில் அவனே சொல்கிறான்: சட்டப் புத்தகத்தைக் காட்டி எந்தப் பெண்ணை மயக்குவது, ‘பல்கலைக்கழகத்திலிருந்து புதிதாக வந்த இதயத்தை உங்கள் அழகுக்குக் காணிக்கையாக்குகிறேன்’ என்றா போய்ச் சொல்வது? கலியாணப் பொய் தப்புவதற்கு. ஆனால் ஆற்று விருந்துப் பொய்யால் ஒரு சதமும் லாபமில்லை. க்ளித்தோனிடம் சொல்லும் வாட்சண்டைப் பொய்யோ இன்னும் வீண், வேலைக்காரனை ஏமாற்றி எதைக் காண்பது?

அந்த விருந்தை ஒருதரம் உரக்க வாசியுங்கள். ஐந்து படகு. நாலில் இசை: ஒன்றில் வயலின், அடுத்ததில் யாழும் குரலும், பிறகு குழல், பிறகு ஓபோ. ஐந்தாவது படகு முழுக்கப் பச்சைக் கிளைகள் பின்னிய பந்தல், மல்லிகையும் மாதுளையும் தோடையும் கட்டிய பூங்கொத்துகள். சாப்பாடு முறை முறையாக வருகிறது, பிறகு ஆயிரத்துக்கு மேல் வாணம். ஒன்றுமில்லாத இடத்தில் வெறும் வாய்ச்சொல்லால் அரங்கு கட்டி, விளக்குப் போட்டு, பாட்டும் வைக்கிறான். நாடகக்காரன் செய்வதும் அதுதானே? பட்டியலில் இந்த நூலுக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘பொய்யும் இன்பியலும்’. அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சிரிப்பே வரேல்ல அன்ரி. எங்க சிரிக்கிறது?

கண்ணால் வாசித்தால் வராது. இரண்டாம் அங்கம் ஐந்தாம் காட்சியில் அவன் தகப்பனுக்குச் சொல்லும் கலியாணக் கதையை யாராவது எழுந்து நின்று நடித்துக் காட்டட்டும். செப்டெம்பர் இரண்டாம் தேதி என்று நாளைக்கூடத் துல்லியமாகச் சொல்கிறான். ஓர்பீஸ் என்ற பெண்ணின் அறை, திடீரென்று அவளுடைய தகப்பன் வருகிறார், இவன் ஒளிகிறான், பையிலிருக்கும் மணிக்கூடு அடிக்கிறது, அதை எடுக்கப் போக நாடா சிக்கிக் கைத்துப்பாக்கி வெடிக்கிறது, பெண் மயங்குகிறாள், வாள் மூன்று துண்டாக முறிகிறது. கிழவர் உருகிப்போய் நம்புகிறார்.

நாலாம் அங்கத்தில்தான் பலன் வருகிறது. மருமகளை அழைத்து வா என்கிறார் தகப்பன். ஆறு மாதக் கர்ப்பிணி, பயணம் கூடாது என்கிறான். அப்படியானால் சம்பந்திக்குக் கடிதம் எழுதுகிறேன், பெயர் என்ன? ‘பிராந்த்ர்’. முன்பு ‘அர்மெதோன்’ என்றாயே? உடனே, ஒன்று சொந்தப் பெயர், மற்றது நிலத்தின் பெயர் என்று சமாளிக்கிறான். மேடையில் அந்த அரைநொடி மௌனத்துக்குத்தான் சனம் சிரிக்கும்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு எண்டு நாங்கள் சொல்லுவம். இவனுக்கு ஒரு தண்டனையும் இல்லையே? இதையா பிள்ளையளுக்குப் படிப்பிக்கினம்?

ஒரு அப்பா கோபமாகவே கேட்டார். எட்டு நாளா? இவனுடைய புளுகு ஒரு பகல், ஓர் இரவு, அடுத்த பகல், அவ்வளவுதான். ஆனால் அகப்பட்ட பிறகும் பெண் கிடைக்கிறாள். கடைசி வரிகளில் க்ளித்தோன் சபையைப் பார்த்து, இவன் எப்படித் தப்புவான் என்று சந்தேகப்பட்டவர்களே, இந்த அரிய உதாரணத்தைப் பார்த்துப் பொய் சொல்லப் பழகுங்கள் என்கிறான்.

ஸ்பானிய மூலத்தில் முடிவு கடுமையானது. தனக்குப் பிடிக்காத பெண்ணைக் கட்டவேண்டிய நிலைக்குப் பொய்யன் தள்ளப்படுகிறான். அது கொர்னெய்க்குக் கொஞ்சம் கொடுமையாகப் பட்டது. ஐந்தாம் அங்கத்தில் தொராந்தின் மனம் லுக்ரேஸ் பக்கம் சாய்வதுபோல் மாற்றிவிட்டார். நம் கலைக்கு நோக்கம் மகிழ்விப்பதுதான் என்று பிறகு வெளிப்படையாகவே எழுதியவர் அவர். ஆகவே பிள்ளை கட்டுரையில் ‘பொய் தீயது என்று ஆசிரியர் கற்பிக்கிறார்’ என்று எழுதினால் நூலை வாசிக்கவில்லை என்றுதான் திருத்துபவர் நினைப்பார். அந்த அப்பாவிடமும் இதையே சொன்னேன். முழுக்க ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன்.

அப்ப தகப்பன் பேசுற காட்சி? அது பகிடி இல்லையே.

இல்லை. ஐந்தாம் அங்கம் மூன்றாம் காட்சி. பொய் தெரிந்த பிறகு ழெரோந்த் கேட்கும் முதற் கேள்வி: “எத்-வூ ழாந்திஓம்?” நீ குலமகனா? உங்களுக்குப் பிறந்தவன் என்பதால் அதில் சந்தேகமில்லை என்கிறான் மகன். எனக்குப் பிறந்தால் மட்டும் போதுமென்று நினைக்கிறாயா என்று கிழவர் திருப்பிக் கொடுக்கிறார். இங்கே குரல் ‘லு சித்’ நாடகத்துத் தகப்பனின் குரல், மானத்தைத் தலைக்கு மேல் வைத்த குரல். இரண்டு நிமிடத்துக்கு இன்பியல் நாடகத்துக்குள் துன்பியல் புகுந்துவிடுகிறது.

எனக்கு இந்தக் கிழவர்மேல் இரக்கம். பேரப்பிள்ளை வரப்போகுது என்று அன்று காலைதான் மகிழ்ந்த மனிசன். மேடையில் அவரைக் கோமாளியாக்கினால் ஒன்று, உண்மையாகவே நொந்தவராக்கினால் வேறொன்று. வாய்மொழியில் உங்கள் தெரிவு எது என்று கேட்டால் ஒன்றைச் சொல்லி நியாயம் காட்டுங்கள், இரண்டிலும் கால்வைக்க வேண்டாம்.

பொய் சொல்லுறது அவன் மட்டும்தானா?

யன்னல் கேள்விக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். க்ளாரீஸ் பெயரை மாற்றிக்கொண்டு நிற்கிறாள், லுக்ரேஸ் அதற்கு இடம் கொடுக்கிறாள். லுக்ரேஸின் வேலைக்காரி சபீன் காசு வாங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் கதை காவுகிறாள். அல்சிப்பைக் கையில் வைத்துக்கொண்டே மற்ற மாப்பிள்ளையை எடைபோடும் க்ளாரீஸை நான் குறைசொல்ல மாட்டேன். தகப்பன்மார் கலியாணம் பேசும் காலத்தில் ஒரு பெண் ஆளைப் பார்த்து முடிவெடுக்க அவளுக்குக் கிடைத்த வழி அதுதான். ஆனால் கட்டுரையில் ‘பொய்யர்கள்’ என்று பன்மையில் யோசித்தால் புள்ளி கூடும்.

கடைசியில ‘நான் லுக்ரேஸைத்தான் விரும்பினன்’ எண்டுறான். அது உண்மையா பொய்யா?

வகுப்பே இரண்டாகப் பிரியும் கேள்வி. பெயர்க் குழப்பம் வெளிப்பட்ட அந்தக் கணத்தில், எனக்கு எல்லாம் முதலே தெரியும், க்ளாரீஸை விளையாட்டுக் காட்டினேன் என்கிறான். எனக்கு எல்லாம் தெரியும் என்ற பாதி சுத்தப் புளுகு. லுக்ரேஸை விரும்புகிறேன் என்ற பாதி அவ்வளவு சுலபமில்லை. சற்று முன், ஐந்தாம் அங்கத்து நாலாம் காட்சியிலேயே இரண்டு பெண்களுக்கிடையில் மனம் ஊசலாடுவதைக் க்ளித்தோனிடம் சொல்லியிருக்கிறான். அப்போது அவனுக்கு ஏமாற்ற வேண்டிய தேவை இல்லை.

ஆனால் மறுத்து வாதாடவும் வழி உண்டு. இதே க்ளித்தோனிடம்தானே லாபமில்லாமல் வாட்சண்டைப் பொய் சொன்னான்? நான் எந்தப் பக்கம் என்றால், சொன்ன நேரத்தில் பொய், சொல்லி முடித்ததும் உண்மை ஆகிவிட்டது என்ற பக்கம். திருத்துபவருக்கு வேண்டியது தீர்ப்பல்ல, காட்சி எண்ணோடு கூடிய வாதம்.

பாட்டு மாதிரி வாசிக்கச் சொல்லினம். பன்னிரண்டு அசை எண்டு எப்படி எண்ணுறது?

முழு நாடகமும் அலெக்ஸாந்திரேன் என்ற பன்னிரண்டு அசை அடியில் இருக்கிறது. வாய்மொழியில் வாசிப்புக்கு 2 புள்ளி, வரிவரியாக விளக்குவதற்கு 8, இலக்கணத்துக்கு 2, பிறகு ஒரு நூலை அறிமுகம் செய்து உரையாடுவதற்கு 8. வாசிப்பின் 2 புள்ளிதான் சுலபமாக எடுக்கக்கூடியது, கவனக்குறைவால் சுலபமாக இழக்கக்கூடியதும் அதுதான்.

க்ளித்தோனின் புகழ்பெற்ற வரியை எடுப்போம், ‘பொய் சொன்னபின் நல்ல ஞாபகசக்தி வேண்டும்’. தமிழில் எழுதினால்: இல் – ஃபோ – பொ – ன – மே – முவா / ரா – ப்ரே – கோன் – னா – மான் – தி. ‘பொன்’ என்று ஒரே அசையாக விழுங்கினால் பதினொன்றாகி அடி நொண்டும். அடுத்து மெய் வருவதால் அந்த மெல்லிய ‘அ’வை உச்சரிக்க வேண்டும். ‘முவார்’ என்பதன் கடைசியில் இருக்கும் அதே ஒலியோ, பின்னால் உயிர் வருவதால் கரைந்து ‘ரா’ ஆகிவிடும். ஆறாவது அசையில் சின்ன மூச்சு. தமிழில் குற்றியலுகரம் உயிர் முன் கெடுவதைப் படித்த பிள்ளைக்கு இது புதிதாக இருக்காது.

எத்தனை மேற்கோள் பாடமாக்க வேணும்?

எட்டுப் பத்துப் போதும், சின்னதாக இருக்கட்டும். மேலே வந்த ஞாபகசக்தி வரி (நாலாம் அங்கம், ஐந்தாம் காட்சி), தகப்பனின் கேள்வி, ‘பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இதயம்’, க்ளித்தோனின் கடைசி இரண்டு வரி, உண்மை மதிப்பிழப்பது பற்றிய வரி. எழுத்துச் சோதனைக்குப் புத்தகம் கொண்டுபோக முடியாது. பிழையாக எழுதிய நீண்ட மேற்கோளைவிடச் சரியாக எழுதிய நாலு சொல் மேல்.

திஸெர்த்தாசியோனுக்கு ஒரு ‘பிளான்’ தாங்கோவன்.

தரமாட்டேன். பாடமாக்கிய பிளானை எந்தக் கேள்விக்கும் ஒட்டப் பார்ப்பதுதான் இந்தப் பிள்ளைகளின் முதல் வியாதி. ‘இந்த நாடகத்தில் பொய் சிரிக்க வைப்பதற்கு மட்டுமா?’ என்று வந்தால் எப்படி யோசிப்பது என்று மட்டும் காட்டுகிறேன். முதலில் சிரிப்பு: கர்ப்பிணி மருமகள், உயிரோடு வரும் அல்சிப். பிறகு காயம்: அல்சிப்பின் பொறாமை, தகப்பனின் மானம். கடைசியில் பொய்யே நாடகமாவது: ஆற்று விருந்து. மூன்றுக்கும் பொருள் முன்னைய பதில்களில் இருக்கிறது. கேள்வியில் ‘மட்டுமா’ என்பதற்குப் பதிலாக ‘பொய்யன்தான் வெல்கிறானா’ என்று இருந்தால் இந்த வரிசை உதவாது, வண்டிக்காரனிடமிருந்து தொடங்க வேண்டும்.

எனக்குப் பிரெஞ்சு சரியாத் தெரியாது. நான் பிள்ளைக்கு எப்படி உதவுறது?

இரவுச் சாப்பாட்டுக்குக் கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் இடையில் ‘அது எந்தப் பெட்டை?’ என்று கேட்டாலே போதும். தடுமாறுகிற இடத்தில் பாடம் இன்னும் விளங்கவில்லை என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை முதலாம் இலக்க மெத்ரோவில் துய்லரிக்குப் போங்கள், பிறகு அதே பாதையில் பஸ்தீய் வரை வந்து பிளாஸ் தே வோழ் வரை நடவுங்கள். நாடகத்தில் வரும் பிளாஸ் ருவாயல் அதுதான். செங்கல் முகப்பும் வரிசை யன்னல்களும் இன்றும் இருக்கின்றன. கீழே நின்று மேலே பார்த்தால், இருட்டில் முகம் தெரியாமல் குரலை மட்டும் நம்பியவன் ஏன் ஏமாந்தான் என்று பிள்ளைக்குத் தானாக விளங்கும்.

கலியாணத்துக்குப் பிறகு என்ன நடந்தது? திருந்தினவனா?

‘லா சுயித் தியு மாந்தேர்’ என்ற தொடர்ச்சியைக் கொர்னெய் எழுதினார். சோதனைக்குத் தேவையில்லை, ஆனால் கட்டுரைக்குச் சுவை சேர்க்கும். அதில் தெரியவருவது: தொராந்த் கலியாணத்துக்கு முன்பே சீதனக் காசோடு இத்தாலிக்கு ஓடிவிட்டான். கைவிடப்பட்ட லுக்ரேஸைக் கட்டியது யார் தெரியுமா? கிழவர் ழெரோந்த். கொஞ்ச நாளில் அவரும் கண்ணை மூடிவிட்டார். தொராந்த் லியோனில் சிறைக்குள் இருக்கிறான். உன்னைப்பற்றிப் பாரிஸில் ஒரு நாடகமே ஓடுது என்று க்ளித்தோன் வந்து சொல்கிறான்.

இம்முறையும் பொய் சொல்கிறான், ஆனால் இன்னொருவனைக் காப்பாற்ற. ‘பொய்மையும் வாய்மை யிடத்த’ என்று குறள் சொன்ன ரகம். அந்த நல்ல பொய்யன் முதலாமவன் அளவுக்கு ஓடவில்லை.